‘நைட்ரேட் உண்டு’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுத் தடய அறிவியல் ஆய்வகங்களில் வெடிபொருள் பிரிவில் பணிபுரியும் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். சிவகாசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். உங்களில் சிலரும் என்னைப் போன்ற ஒருவரிடம்தான் பழுப்பு வளையச் சோதனையைக் கற்றிருப்பீர்கள். உப்புக் கரைசலில் அப்போதே கரைத்த ஃபெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக வழியவிட வேண்டும். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட்.

அந்தச் சோதனையை எழுத ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்தி உண்டு. செய்த சோதனை, கண்டது, அதிலிருந்து அறிவது. மூன்றாவது பத்தியை மட்டும் நிரப்பிக்கொண்டு வரும் பையன்கள் வருடத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். ‘நைட்ரேட் உள்ளது’ என்று சரியாகவே எழுதியிருப்பார்கள். ஆனாலும் மதிப்பெண் போட மாட்டேன். பக்கத்து மேசையில் எட்டிப் பார்த்தானா, உண்மையிலேயே வளையத்தைக் கண்டானா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் உண்டு. புரோமைடு, அயோடைடு உப்புகளில் அடர் அமிலம் பட்டால் அவையும் பழுப்பாகும். அவசரக்காரன் அதையும் வளையம் என்று எழுதிவிடுவான். உறுதிச் சோதனை என்ற ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது வழக்கறிஞர். ஒரு வெடிபொருள் வழக்கில் தான் ஆஜராகும் இளைஞனின் கைகளிலிருந்தும் சட்டையிலிருந்தும் எடுத்த மாதிரிகளுக்கு வந்த ஆய்வக அறிக்கையைக் காட்டினார். எந்த மாவட்டம், எந்த ஆய்வகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், வழக்கு நடக்கிறது. அறிக்கையின் சாரம் இரண்டே வரி: பொட்டாசியம், நைட்ரேட், குளோரைடு அயனிகள் கண்டறியப்பட்டன. இவை வெடிபொருள் கலவைகளில் காணப்படுபவை.

இரண்டு வரியும் உண்மைதான். ஆனால் பொட்டாசியமும் குளோரைடும் அந்தப் பையனின் வியர்வையிலும் உண்டு, என் வியர்வையிலும் உண்டு. எந்தச் சோதனை செய்தார்கள், எவ்வளவு இருந்தது, ஸ்வாப் எடுத்த பஞ்சைத் தனியாகச் சோதித்தார்களா, ஸ்வாப் எடுத்தவரின் கையுறையைச் சோதித்தார்களா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்து எழுதும் என் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நீங்கள் எட்டிப் பார்த்து எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. சோதனையைக் கவனமாகத்தான் செய்திருப்பீர்கள். முதல் இரண்டு பத்தியையும் உங்கள் பணிக்குறிப்பேட்டிலேயே வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் நைட்ரேட் என்பது என்ன தெரியுமா? வெடியுப்பு. பட்டாசு ஆலைக்குப் போய்வருபவரின் நகக்கண்ணில் அது இருக்கும். அவர் துணியை ஊறவைத்த வாளியில் இருக்கும். சித்த மருந்து செய்பவர் கடையில் இருக்கும். வயலுக்கு உரம் தூவியவர் கையில், கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டவர் துண்டில், தீபாவளிக்கு மறுநாள் தெருவில் குப்பை கூட்டியவரின் விளக்குமாற்றில் இருக்கும். பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. எனவே ‘நைட்ரேட் உண்டு’ என்பது எங்களுக்குச் செய்தியே இல்லை. எவ்வளவு, எந்த அயனிகளோடு சேர்ந்து, எந்த இடத்தில், அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடுதலாக என்று சொன்னால்தான் அது செய்தி.

இங்கிலாந்தில் நடந்த ஒரு கதையை உங்களில் பலர் பாடமாகவே படித்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தைக் கூடவே படிக்கும் நீதிபதிகளுக்காகவும் வழக்கறிஞர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1974 நவம்பர் 21 இரவு, பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு மீது நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அந்த இரவு ஐந்து ஐரிஷ்காரர்கள் பர்மிங்ஹாமிலிருந்து ரயிலேறி, பெல்ஃபாஸ்ட் கப்பலைப் பிடிக்க ஹேஷம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐஆர்ஏக்காரர் ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போகிற பயணம் என்பதால் சந்தேகம் அவர்கள் மேல் விழுந்தது. ஹேஷமில் பிடித்து, பக்கத்து ஊரான மோர்கம் காவல் நிலையத்தில் வைத்தார்கள். உள்துறையின் தடய அறிவியலாளர் டாக்டர் ஃபிராங்க் ஸ்கூஸ் வந்து அவர்களுடைய கைகளை ஈதரில் நனைத்த பஞ்சால் துடைத்துச் சோதித்தார்.

அவர் செய்தது கிரீஸ் சோதனை. வண்டிக்குப் போடும் கிரீஸ் இல்லை, பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளரின் பெயர். மனிதர் வேலை பார்த்தது இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில். 1879-இல் அவர் சொன்ன வினை, நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பாகும். நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்தைக் காரத்தோடு சேர்த்தால் அது உடைந்து நைட்ரைட் வரும், நிறம் தெரியும். எளிமையான, அழகான, மலிவான வேதியியல். இன்றைக்கும் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க லேபில் நனைக்கிறார்களே ஒரு பட்டை, அதிலுள்ள நைட்ரைட் கட்டம் இதே வினைதான்.

இரண்டு பேரின் வலது கை மாதிரிகளில் இளஞ்சிவப்பு வந்தது. அவர்கள் வெடிமருந்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதில் தனக்கு 99 சதவீதம் உறுதி என்று ஸ்கூஸ் நீதிமன்றத்தில் சொன்னார். அதே வலது கை மாதிரிகளைப் பிறகு மெல்லடுக்கு குரோமட்டோகிராபி முறையிலும், மூலக்கூறை எடைபோட்டு இனம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலும் பார்த்தபோது நைட்ரோகிளிசரின் தெரியவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் இருந்தாலும் கிரீஸ் சோதனை நிறம் காட்டும் என்று எதிர்த்தரப்பு நிபுணர் எடுத்துச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் பிடிபட்ட ஐவருக்கும், அவர்களை ரயில் நிலையத்தில் வழியனுப்பிய ஆறாமவருக்கும் 1975 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை.

அந்த ரயிலில் அவர்கள் என்ன செய்துகொண்டு போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? சீட்டு விளையாடினார்கள். சீட்டின் பளபளப்புக்குப் பூசும் பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. 1985-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வேறு அறிவியலாளர்கள் அதே சோதனையைச் சாதாரணப் பொருட்களில் செய்து பார்த்தார்கள். சீட்டுக்கட்டை வைத்து விளையாடிய கையும் இளஞ்சிவப்பானது. அதற்கு ஆறு வருடம் கழித்து, 1991 மார்ச் 14 அன்று, ஆறு பேரும் விடுதலையானார்கள். பதினாறு வருடச் சிறை. காவலில் அடித்து வாங்கிய வாக்குமூலம் இந்த வழக்கின் இன்னொரு பாதி என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இளஞ்சிவப்பு வந்தபின், இவர்கள்தான் என்ற நம்பிக்கை காவலர்களுக்கு இறுகிப்போனது.

இதில் என்னை உறுத்துவது அந்த 99. எதை எதனால் வகுத்து வந்த எண் அது? குண்டைத் தொடாத நூறு பேரின் கையைத் துடைத்துப் பார்த்து, ஒருவருக்குத்தான் நிறம் வந்தது என்று சொன்னாரா? ரயிலில் சீட்டாடிய நூறு பேரைச் சோதித்தாரா? அவருடைய மனத்தில் இருந்த உறுதிக்கு ஒரு எண்ணை மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகுவயர் குடும்பத்தினர், உறவினர், குடும்ப நண்பர் என ஏழு பேர், நகக்கண்ணிலும் கையுறையிலும் நைட்ரோகிளிசரின் இருந்தது என்ற அறிவியல் சாட்சியத்தின் பேரில் 1976-இல் தண்டிக்கப்பட்டார்கள். கைதானபோது அதில் ஒரு பையனுக்கு 13 வயது. ஏழு பேரில் ஒருவர் 1980-இல் கைதியாகவே இறந்தார். பயன்படுத்தியது மெல்லடுக்கு குரோமட்டோகிராபி. பள்ளியில் மையொட்டும் தாளில் பேனா மைப் பொட்டு வைத்து, தண்ணீர் ஏற ஏற நிறங்கள் பிரிவதைக் காட்டுவோமே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்பதுதான் அடையாளம். சிக்கல் என்னவென்றால், அவர்கள் பயன்படுத்திய கரைப்பானில் பிஇடிஎன் என்ற வேறொரு வெடிபொருளும் அதே உயரத்தில்தான் நிற்கும். ஆய்வகத்தின் சொந்தக் குறிப்பேடுகளில் இருந்த சில சோதனை முடிவுகள் விசாரணையில் வெளியே வரவே இல்லை. நீதிபதி ஜான் மேயின் விசாரணை இதைத் தோண்டி எடுத்தபின் 1991-இல் தண்டனை ரத்தானது.

குண்டு வைத்ததாகத் தண்டிக்கப்பட்ட ஜூடித் வார்டு என்ற பெண்ணின் வழக்கு இன்னும் மோசம். காலணிப் பாலிஷில் இருக்கும் சாயங்கள் மெல்லடுக்குத் தட்டில் நைட்ரோகிளிசரின் போலவே தோன்றக்கூடும் என்பது அரசுத் தரப்பு அறிவியலாளர்களுக்கே தங்கள் சோதனையில் தெரிந்திருந்தது. எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை. 18 வருடம் உள்ளே இருந்துவிட்டு 1992-இல் வெளியே வந்தார். ஷூ பாலிஷ்!

இதெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை, இப்போது எங்களிடம் இருக்கும் கருவிகளே வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். வாயு குரோமட்டோகிராபியோடும் திரவ குரோமட்டோகிராபியோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைத்து ஆர்டிஎக்ஸ், டிஎன்டி, பிஇடிஎன் ஒவ்வொன்றையும் அதனதன் மூலக்கூறுச் சிதறலை வைத்தே இனம் காண்கிறீர்கள். கனிம உப்புகளுக்கு அயனி குரோமட்டோகிராபி வந்துவிட்டது. எரியாமல் மிஞ்சிய துகள் கிடைத்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் தனிமங்களையே படிக்கிறீர்கள். நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, உங்களுக்குச் சாதாரணம்.

இந்த நுட்பத்தைப் பார்த்து வியப்பவன்தான் நான். ஒரு மனிதரின் கையில் ஆர்டிஎக்ஸ் இருந்தது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொன்னால் அது நைட்ரேட் போன்ற விஷயமே இல்லை. 1990களில் பிரிட்டனில் பொது இடங்களை நூற்றுக்கணக்கில் துடைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ராணுவ வகை வெடிபொருளின் தடம் சாதாரண இடங்களில் அபூர்வமாகத்தான் கிடைத்தது. அதனால் அப்படியொரு முடிவுக்கு எடை உண்டு. பர்மிங்ஹாம் கைதிகள் வெளியே வந்த அதே 1991-இல், மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. உடைந்து சிதறிக் கிடந்த துண்டு துணுக்குகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அது உடலில் கட்டிவந்த பெல்ட் குண்டு, ஆர்டிஎக்ஸ் வகை, உள்ளே எஃகுக் குண்டுமணிகள் என்று புலனாய்வுக்கு எடுத்துக்கொடுத்தது தடய அறிவியல்தான். அந்த நாட்களில் செய்தித்தாளை வகுப்புக்கு எடுத்துப்போய் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். உங்கள் துறையில் சேர வேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் உண்டு.

ஆனால் கருவி கூர்மையாகக் கூர்மையாக, எங்கிருந்தோ ஒட்டிவந்த தூசும் தெரிய ஆரம்பிக்கும். 1996-இல் பிரிட்டனின் வெடிபொருள் தடய ஆய்வகம், ஃபோர்ட் ஹால்ஸ்டெட் என்ற இடத்தில் இருந்தது, தன்னுடைய மையவிலக்குக் கருவி ஒன்றிலேயே ஆர்டிஎக்ஸ் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தது. அந்தக் கருவியில் எத்தனை பேரின் மாதிரி சுழன்றதோ! பேராசிரியர் பிரையன் கேடி தலைமையில் பழைய வழக்குகளையெல்லாம் மறுபடி புரட்டினார்கள். தண்டனைகள் எதையும் சந்தேகிக்கக் காரணமில்லை என்று முடித்தார். என்னைக் கவர்ந்தது அந்த முடிவைவிட, தூசு தங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று அவர்கள் வெளியே சொன்னது. வெற்றுச் சோதனைகளின், அதாவது மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் பஞ்சையும் கருவியையும் சோதித்ததின், பதிவு கையில் இருந்தால்தான் எந்த ஆய்வகமும் அந்தக் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.

நம் ஊருக்கு வருவோம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 176-ஆவது பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஐந்து வருடத்துக்குள் மாநிலங்கள் இதைக் கொண்டுவந்தாக வேண்டும். அப்படியென்றால் உங்கள் மேசைக்கு வரும் பொட்டலங்கள் பெருகத்தான் போகின்றன. அதே சட்டத்தின் 329-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 293, உங்கள் அறிக்கையை நீங்கள் வராமலேயே சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. நீதிமன்றம் விரும்பினால் உங்களைக் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டால் அந்த இரண்டு வரிதான் பேசும். தாளிடம் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? அதிலும் 1908-ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின் 5-ஆவது பிரிவில், சந்தேகத்துக்குரிய சூழலில் வெடிபொருளை வைத்திருந்தார் என்று ஆகிவிட்டால், சட்டபூர்வமான நோக்கத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று காட்டவேண்டியது அந்த ஆளின் பொறுப்பு. பட்டாசுக் கூலிக்குப் போகிற ஒருவர் அயனி குரோமட்டோகிராபியை எதிர்த்து எதைக் காட்டுவார்?

வேலைப்பளு எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் நான் கேட்பதெல்லாம் ஒரு பக்க இணைப்பு. என்னென்ன சோதனை, எந்த வரிசையில் செய்தீர்கள் என்று அதில் இருக்கட்டும். நிறச் சோதனை மட்டும் செய்திருந்தால், ‘இது முதற்கட்டச் சோதனை, உறுதிச் சோதனை செய்யவில்லை’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். செய்திருந்தால், முதல் சோதனையிலிருந்து வேறுபட்ட தத்துவத்தில் அது வேலை செய்கிறதா என்பது தெரியவேண்டும். ஒரே குறையுள்ள சோதனையை இரண்டு தடவை செய்வது ஒரே பொய்ச்சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றுவது போலத்தான். அளவைச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று வந்த சோதனைகளையும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். மகுவயர் வழக்கிலும் வார்டு வழக்கிலும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய முடிவுகள்தான் வெளியே வராமல் போயின.

வெற்றுச் சோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்வாப் எடுப்பது பெரும்பாலும் நீங்கள் அல்ல, சம்பவ இடத்துக்குப் போன காவலர்களோ குழுவோ. வெடிவிபத்து நடந்த இடத்தில் காலை முழுவதும் சாம்பலைக் கிளறியவர், அதே கையோடு காவல் நிலையத்துக்குப் போய்ச் சந்தேக நபரின் கையைத் துடைத்தால் என்ன கிடைக்கும் என்று என் பிளஸ் டூ பையனே சொல்லுவான். பயன்படுத்தாத பஞ்சு ஒன்று, துடைத்தவரின் கையுறைமேல் துடைத்த பஞ்சு ஒன்று, அந்த ஆளை உட்காரவைத்த வண்டி இருக்கையில் துடைத்தது ஒன்று. மண் மாதிரி என்றால், குழியில் எடுத்ததோடு தள்ளி எடுத்தது ஒன்று. இந்தக் கூடுதல் பொட்டலங்கள் இல்லாமல் மாதிரி வந்தால், ‘ஒப்பீட்டு மாதிரி பெறப்படவில்லை’ என்று ஒரு வரி போடுங்கள். இரண்டு அறிக்கையில் அப்படிப் போட்டால் மூன்றாவதில் தானாக வந்துவிடும், பாருங்கள்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. தீபாவளி முடிந்த வாரத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வந்து பேருந்துக் கம்பி, டீக்கடைப் பெஞ்சு, மளிகைக் கடைக்காரர் கை, என் கை என்று எல்லாவற்றையும் துடைத்து எடுத்துப்போய்ப் பாருங்கள். சாதாரண மனிதர் கையில் என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் வெளியிடுங்கள். என் மாணவர்கள் பலர் வேதியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள், பஞ்சு பிடிக்க ஆள் நான் தருகிறேன். அப்படியே என் சட்டைப் பையையும் துடைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரை அதில் எப்போதும் இருக்கும். ஐசோசார்பைடு டைநைட்ரேட். நைட்ரோகிளிசரின் குடும்பத்துப் பிள்ளைதான். என் வயசுக்காரர்கள் நிறையப் பேர் இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறோம்.

என் மாணவர் 329-ஆவது பிரிவின் கீழ், அறிக்கை எழுதியவரை நேரில் அழைக்கும்படி மனு போடப்போகிறார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமா தெரியாது. ஒப்புக்கொண்டு உங்களில் ஒருவருக்குச் சம்மன் வந்தால், எரிச்சல்படாமல் வாருங்கள். வரும்போது பணிக்குறிப்பேட்டையும் கையோடு எடுத்துவாருங்கள். பார்வையாளர் வரிசையில் நானும் உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்